கோழியை நிறுத்தினால் போதுமா?

தங்கச்சி, உங்கள் கடிதம் மூன்று பக்கம் இருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு 52 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் 18 ஆண்டுகள் வெளிக்காட்டு வேலை செய்தவர். அதில் பெரும்பகுதி பம்பு சுமந்து களைக்கும் பூச்சிக்கும் மருந்து அடித்த வேலை. இப்போது இடது மார்பில் கட்டி, அறுவை முடிந்து, ஈப்போவில் கீமோ நடந்துகொண்டிருக்கிறது. செய்தி பரவியதும் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள்: ஊசி போட்ட கோழி, அஜினமோட்டோ, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த சூடான தேநீர், கேமரன் மலைக் காய்கறி, கருகிய சாத்தே, சோயா பால். நீங்கள் கோழியை நிறுத்தினீர்கள். பிறகு பாலை நிறுத்தினீர்கள். மார்க்கெட் காய்கறிக்குப் பயந்து, ஈப்போ வரை போய் இயற்கைக் காய்கறி என்று இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அம்மா மெலிந்துகொண்டே போகிறார். வீட்டில் 11 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சாப்பாட்டில் கலந்த விஷம்தான் இதற்குக் காரணமா, மகளுக்கு எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவர் அல்ல. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கச்சான் (வேர்க்கடலை), மிளகாய்த்தூள், மீ (நூடுல்ஸ்), மீன் உருண்டை என்று வருவதையெல்லாம் அரைத்து, கரைத்து, வடிகட்டி, கருவியில் ஏற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த வேலை கற்றுக்கொடுத்த ஒன்றை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். ஒரு பொருள் உணவில் 'இருக்கிறது' என்று சொல்வது எளிது. நல்ல கருவி இருந்தால் எதிலும் எதையும் கண்டுபிடிக்கலாம். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வயதில் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது பேச்சு. முதல் இரண்டையும் எப்போதாவது யாராவது கேட்டுவிடுவார்கள். மூன்றாவதைக் கேட்டவர்களை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அதுதான் மிக முக்கியம்.

டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் கதையைச் சொன்னால் புரியும்.

மேற்கு மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967இல் தொடங்கியது. எங்கள் லயத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை காக்கிச் சட்டை ஆட்கள் வருவார்கள். முதல் நாள் இரவே அம்மா சட்டி பானைகளை வெளியே எடுத்துவைத்து, சாமி படங்களைத் துணியால் மூடிவிடுவார். பலகைச் சுவர் முழுக்க டிடிடி அடித்துவிட்டுப் போன பின் மருந்து காய்ந்து, திருநீறு பூசியது போல் வெள்ளையாகப் படிந்திருக்கும். நாங்கள் அதில் விரலால் பெயர் எழுதி விளையாடினோம். அடி வாங்கவில்லை, ஏனென்றால் அது கெட்ட பொருள் என்று யாருக்கும் தெரியாது. மலேரியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வாழ்ந்த லயம் அது. அந்த வெள்ளைப் பூச்சைக் கும்பிட்டார்கள் என்றே சொல்லலாம். வீட்டுச் சுவரில் டிடிடி அடிப்பது நம் நாட்டில் 1990களின் இறுதிவரை நடந்தது.

டிடிடி கொழுப்பில் கரையும் பொருள். உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வெளியேறாது. மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து மாட்டுக்கும், அங்கிருந்து பாலுக்கும் போகும். பெரும்பாலான மக்களின் உடம்புக்கு அது வந்து சேர்ந்த வழி சாப்பாடுதான். 1993இல் நியூயார்க்கில் மேரி உல்ஃப் என்ற ஆய்வாளரின் குழு, இரத்தத்தில் டிடிடியின் சிதைவுப் பொருள் அதிகம் இருந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்கு வரை இருந்ததாக எழுதியது. உலகமே பதறியது. அதன் பிறகு அமெரிக்காவின் லாங் ஐலண்டில் பெரிய அளவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2002இல் வந்த முடிவு: தொடர்பு எதுவும் தெரியவில்லை. 'பார்த்தீர்களா, வீண் பயம்' என்று ஒரு சாரார் கோப்பை மூடினார்கள்.

பார்பரா கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மூடவில்லை. கலிபோர்னியாவின் ஓக்லாந்து பகுதியில் 1959 முதல் 1967 வரை பிள்ளை பெற்ற பெண்களின் இரத்தத்தை யாரோ புண்ணியவான்கள் உறையவைத்துப் பாதுகாத்திருந்தார்கள். மற்ற ஆய்வுகள் பெரும்பாலும் 50, 60 வயதில் எடுத்த இரத்தத்தைப் பார்த்தன. கோனுக்குக் கிடைத்ததோ இளம்வயது இரத்தம். 2007இல் அவர் வெளியிட்ட முடிவு இது: டிடிடி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த 1945இல் 14 வயதுக்குக் கீழே இருந்த பெண்களில், இரத்தத்தில் டிடிடி அதிகம் இருந்தவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு. அப்போது 14 வயதைத் தாண்டியிருந்தவர்களிடம் அந்தத் தொடர்பே இல்லை. 2015இல் அதே தாய்மார்களின் மகள்களைப் பார்த்தார். கருவில் இருந்தபோது தாயின் இரத்தத்தில் டிடிடி அதிகம் இருந்திருந்தால், 52 வயதுக்குள் மகளுக்கு நோய் வரும் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்பு அதிகம் உள்ள பொருள்களின் வரிசையில் டிடிடியைச் சேர்த்தது.

ஏன் வயது இவ்வளவு முக்கியம்? மற்ற உறுப்புகளில் பெரும்பாலானவை பிறக்கும்போதே ஏறக்குறைய முழு உருவில் இருக்கின்றன. மார்பகமோ கருவில் ஒரு முறை, பருவமடையும்போது ஒரு முறை, முதல் பிள்ளையின்போது ஒரு முறை என்று தவணை தவணையாக வளர்கிறது. செல்கள் வேகமாகப் பெருகும் அந்தத் தவணைகளில் எது பட்டாலும் ஆழமாகப் படும். ஹிரோஷிமா, நாகசாகியில் கதிர்வீச்சுக்கு ஆளாகிப் பிழைத்த பெண்களிலும் இதையே கண்டார்கள். குண்டு விழுந்தபோது சிறுமிகளாக இருந்தவர்களுக்குத்தான் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது.

உங்கள் அம்மா 1970களின் தொடக்கத்தில் லயத்தில் பிறந்தவர். கணக்கு உங்களுக்கே புரியும். ஆனால் அவருடைய நோய்க்கு டிடிடிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நேர்மையான விஞ்ஞானியும் சொல்ல மாட்டார். ஆயிரம் பெண்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் போக்கை ஒரு பெண்ணின் உடம்பில் வைத்து நிரூபிக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வாரம் வாங்கிய கோழிக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு இல்லை. விரலில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கட்டி வளரப் பல ஆண்டுகள் ஆகும். நீங்கள் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருக்கும் சமையலறையில் அவன் இல்லை.

அடுத்து அந்தப் பம்பு. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, விடிவதற்கு முன்பே போய், மேற்பார்வை பார்க்கும் தண்டல் ஊற்றிக் கொடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, முதுகில் ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நடப்பது. மூடி சரியாக இறுகாத பம்பு என்றால் மருந்து முதுகுவழி ஒழுகி இடுப்பு வரை நனைக்கும். அந்த ஈரச் சேலையோடுதான், அல்லது மேலே போட்ட ஆண்பிள்ளைச் சட்டையோடுதான், பத்து மணிக்கு உட்கார்ந்து கையால் பசியாறுவார்கள். எங்கள் தோட்டத்தில் கையுறை கொடுத்தார்கள். வெயிலில் உள்ளே வியர்த்துப் புண்ணாகிவிடும் என்று யாரும் போடவில்லை. கை கழுவத் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தத் தோட்டத்துப் பெண்ணைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார். தொழிலாளர் உரிமைக்காக ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களின் நிலையை 2002லேயே அறிக்கையாக வெளியிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்ய அந்த ஆண்டு முடிவெடுத்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடை செய்தார்கள்.

பாராகுவாட் நுரையீரலையும் தோலையும் நகத்தையும் பாழாக்கும் கொடிய பொருள். அதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உறுதியான தொடர்பு காட்டப்படவில்லை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி வேறு விதமான செய்தி உண்டு. அமெரிக்காவின் அயோவா, வட கரோலைனா மாநிலங்களில் மருந்து அடிப்பவர்களின் மனைவியர் 30,000 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த வகை மருந்தைத் தாங்களே கையாண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது. செம்பனையில் இலை தின்னும் மூட்டைப் புழுவுக்கு அடிமரத்தில் துளையிட்டுச் செலுத்தும் மருந்துகளில் அந்த வகை உண்டு. எனவே உங்கள் அம்மாவின் மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்த மருந்து, எத்தனை நாள் என்று அம்மா நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் டப்பாவின் நிறத்தையாவது எழுதுங்கள். சிகிச்சை இதனால் மாறாது. ஆனால் இந்தப் பெண்கள் என்ன சுமந்தார்கள் என்பது எந்த மருத்துவக் கோப்பிலும் இல்லாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி கோழி. கழுத்தில் ஹார்மோன் ஊசி என்ற கதை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து உலவுகிறது. ஒரு கொட்டகையில் பல்லாயிரம் கோழி. ஒவ்வொன்றையும் பிடித்து நாள்தோறும் ஊசி போட எந்த முதலாளி ஆள் வைப்பான்? கறிக்கோழி ஐந்து, ஆறு வாரத்தில் 2 கிலோ எடை ஏறுவது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தாலும் தீவனத்தாலும். கோழியில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக். நோய்க்கிருமிகளுக்கு மருந்து பழகிப்போகிறது என்பதால்தான் கொலிஸ்டின் என்ற மருந்தை நம் நாட்டில் 2019 முதல் கால்நடைக்குக் கொடுக்கத் தடை செய்தார்கள். அது பெரிய பிரச்சினைதான், ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

'அந்தக் கோழியைத் தின்றுதான் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள்' என்று உங்கள் அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தையின் கவலை சரி, காரணம் தப்பு. ஓராண்டு முந்திப் பூப்படைந்தால் பிற்கால ஆபத்து 5 விழுக்காடு போலக் கூடுகிறது என்பது பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துக் கண்டது. முந்துவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று பிள்ளையின் உடல் எடை. அமெரிக்காவில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளைக் கவனித்த ஓர் ஆய்வில், இனிப்புப் பானம் அதிகம் குடித்தவர்கள் மற்றவர்களைவிட 2.7 மாதம் முந்திப் பூப்படைந்தார்கள். உங்கள் மகள் பள்ளிக் கேன்டீனில் தினமும் வாங்கும் அந்தச் சிவப்புச் சிரப் தண்ணீரை நிறுத்தினால், கோழியை நிறுத்துவதைவிடப் பயன் உண்டு.

கறிக்கோழிக்குப் பயந்தவர்கள் அடுத்துச் செய்வது கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்ப்பது. நல்லதுதான், எங்கே மேய்கிறது என்பதைப் பொறுத்து. நம் லயங்களிலும் வீடமைப்புகளிலும் பின்பக்கம் குப்பை எரிக்கிறோம். பிளாஸ்டிக் பை, மின்கம்பி உறை, பழைய செருப்பு எல்லாம் அதில் சேரும். குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் புகைந்து எரிந்தால் டையாக்சின் என்ற நச்சுப் பொருள் உண்டாகும். அது சாம்பலில் படிகிறது. கோழி அந்தச் சாம்பலைக் கிளறிப் புழு பொறுக்குகிறது. டையாக்சின் மஞ்சள் கருவின் கொழுப்பில் போய் உட்காருகிறது. கிழக்கு ஜாவாவில் துரோபோடோ என்ற ஊரில் தௌஹூ என்ற சோயாக் கட்டி செய்யும் ஆலைகள் பிளாஸ்டிக் கழிவை விறகாக எரித்தன. 2019இல் அந்த ஊர் நாட்டுக்கோழி முட்டையைச் சோதித்தபோது ஆசியாவிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று அதில் இருந்தது. நமக்கும் தூரம் இல்லை: 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்க மறுத்தபின், சிலாங்கூரில் செம்பனை சூழ்ந்த ஜென்ஜாரோமில் இரவெல்லாம் கழிவு எரிந்த நாற்றம் நாளிதழ்களில் வந்தது.

டையாக்சினுக்கும் மார்பகத்துக்கும் என்ன? 1976இல் இத்தாலியின் செவேசோ ஊரில் ஆலை வெடித்து டையாக்சின் பரவியது. அங்கிருந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், இரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்கு கூடினால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்கு என்று 2002இல் எழுதினார்கள். பிற்காலக் கணக்கில் அந்தத் தொடர்பு வலுவிழந்தது. முடிவு தெரியாத விஷயம்தான். ஆனால் கடைக் கோழி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, கொல்லையில் பிளாஸ்டிக் எரித்து, அந்தச் சாம்பலில் மேய்ந்த கோழியின் முட்டையைப் பிள்ளைக்கு அவித்துக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? எரிப்பதை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சண்டை போடாமல் சொல்லிப் பாருங்கள்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆபத்து 20 விழுக்காடு கூடும்' என்றால் நூற்றில் இருபது பேருக்கு வரும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 கணக்குப்படி, ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 27இல் ஒன்று. ஆயிரம் பெண்களில் 37 பேர். அது 20 விழுக்காடு கூடினால் 44 பேர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காட்மியம் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, கீரை, ஈரல், சிப்பி வகை என்று பலவற்றில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். நம் ஊரில் கெராங் என்ற சிப்பி ஒரு முக்கியமான வழி. கோய்தியா மீயில் போட்டால் யாரும் எண்ணிச் சாப்பிடுவதில்லை. எலிகளின் உடம்பில் காட்மியம், மார்பகச் செல்களை வளரத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல நடந்துகொள்வதை 2003இல் கண்டார்கள். 2012இல் ஸ்வீடனில் 55,987 பெண்களைப் பார்த்த ஆய்வில், உணவில் காட்மியம் அதிகம் எடுத்தவர்களுக்கு ஆபத்து 21 விழுக்காடு கூடுதல். அதாவது நம் கணக்கில் 37 என்பது 45 ஆகும். பிறகு வந்த வேறு நாட்டு ஆய்வுகள் சிலவற்றில் அது தெரியவில்லை. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சும். சோகை பிடித்த பெண்ணும் திடமான பெண்ணும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இரண்டு பேர் உடம்புக்குள்ளும் போவது ஒரே அளவு இல்லை. மாதவிலக்கு அதிகம் போகிறது, தலை சுற்றுகிறது, ஆனாலும் மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் பெண்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்? கெராங்கை எப்போதாவது ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, கிளினிக்கில் உங்களுக்கும் மகளுக்கும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிடிக்கிறவர்கள் புகையை விட்டால் இன்னும் நல்லது. சிகரெட்டில் காட்மியம் உண்டு.

இயற்கைக் காய்கறிக்கு வருகிறேன். பிரான்சில் 68,946 பேரைக் கவனித்த ஆய்வு 2018இல் வந்தது. இயற்கை உணவு அதிகம் உண்டவர்களுக்கு மொத்தத்தில் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவு என்றார்கள். அதைத்தான் உங்களுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பாதது இது: பிரிட்டனில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்த 2014 ஆய்வில் மொத்தப் புற்றுநோயில் வேறுபாடு இல்லை, மார்பகப் புற்றுநோய் இயற்கை உணவுக்காரர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இயற்கை உணவு நோயைக் கொண்டுவரும் என்று இதற்குப் பொருள் இல்லை. வசதி உள்ளவர்கள் இயற்கை உணவு வாங்குகிறார்கள். அவர்களே பிள்ளையைத் தாமதமாகப் பெறுகிறார்கள், சோதனைக்கும் ஒழுங்காகப் போகிறார்கள். அதனால் கணக்கு குழம்புகிறது. உங்கள் சம்பளத்தில் இரண்டு மடங்கு விலை கொடுத்துப் பாதிக் காய்கறி வாங்குவதைவிட, மார்க்கெட்டில் முழுக் காய்கறி வாங்கிக் கழுவிச் சமைப்பதே நல்லது. சாவிக் கீரையும் கங்கோங் கீரையும் இலை இலையாகப் பிரித்து ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். வாளியில் போட்டு ஒரு முக்கு முக்குவது கழுவுவது ஆகாது. பயற்றங்காய், பச்சை மிளகாய், பாகற்காய் மூன்றையும் நான் கூடுதலாகவே தேய்த்துக் கழுவுவேன். பரிசோதனைக் கூடத்துப் பழக்கம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அஜினமோட்டோ: தொடர்பு இல்லை. சூடான தேநீர் கட்டும் பையில் பிஸ்பெனால் ஏ என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருள் கிடையாது. அது கெட்டியான பாலிகார்பனேட் புட்டியிலும் சார்டின் டின்னின் உட்பூச்சிலும் வருவது. பால்புட்டியில் அதை நம் நாடு 2012இல் தடை செய்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதன் தாங்கும் அளவை 20,000 மடங்கு குறைத்தது, அது முதன்மையாக நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கருதி. விலங்குகளின் பால்சுரப்பியில் அது மாற்றம் செய்வதைக் கண்டிருக்கிறார்கள், மனிதரில் உறுதியாகவில்லை. சார்டின் சம்பல் வாரம் ஒரு முறை என்றால் நான் பயப்பட மாட்டேன். சாத்தேயில் கருகிய ஓரத்தைக் கிள்ளிப் போடுங்கள், அது போதும். முறுக்கு வறுக்கும்போது வரும் அக்ரிலமைடு 2002இல் ஸ்வீடனில் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலான ஆய்வுகளில் மார்பகத்தோடு தொடர்பு தெரியவில்லை. எனவே புந்தோங் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, முறுக்கு வகை) சாப்பிடலாம், கச்சானில் பூஞ்சை வாடை இல்லாத வரை. பூஞ்சை நஞ்சு லேசுப்பட்டது இல்லை: 1988 அக்டோபரில் நம் பேராக்கிலேயே எலிவால் போன்ற அரிசி மீயைச் சாப்பிட்ட 13 பிள்ளைகள் செத்துப்போனார்கள், அஃப்ளாடாக்சின் அதில் இருந்தது. அது அடித்தது ஈரலை. இன்றும் கசக்கும் கச்சானைக் கண்டால் நான் துப்பிவிடுவேன்.

சோளத்தில் வரும் செயாரலெனோன் என்ற பூஞ்சை நஞ்சு ஈஸ்ட்ரோஜன் போல இருப்பதால், சிறுமிகளைச் சீக்கிரம் வளர்த்துவிடுமோ என்று நியூ ஜெர்சியில் 163 சிறுமிகளைப் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு நேர் எதிராக இருந்தது: அது சிறுநீரில் இருந்த பிள்ளைகள் உயரம் குறைவாகவும் மார்பக வளர்ச்சி பிந்தியும் இருந்தார்கள். உடம்பு நம் ஊகத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. சோயாவும் அப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருக்கிறது என்று எல்லோரும் பயந்தார்கள். ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் வந்து பிழைத்த 5,042 பெண்களைக் கவனித்து 2009இல் எழுதினார்கள்: சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் சாவும் குறைவு. தௌஹூ, தெம்பே இரண்டையும் அம்மாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். சோயாச் சத்து மாத்திரை என்று விற்க வந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உணவு வழி வரும் காரணங்களில் மிக உறுதியானது எது என்று கேட்டால், யாரும் கலப்படம் செய்யாமல் நாமே காசு கொடுத்து வாங்குவது: மது. தினம் 10 கிராம் ஆல்கஹாலுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து 7 விழுக்காடு கூடுகிறது. ஒரு பெரிய பீர் புட்டியில் 25 கிராம் இருக்கும். நம் வீடுகளில் பெண்கள் குடிப்பதைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறோம். மருந்து அடித்துவிட்டு வந்த உடம்பு வலிக்கு என்று சம்சு என்ற மலிவுச் சாராயத்தைத் தொட்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்களை ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான். அடுத்தது மாதவிலக்கு நின்ற பிறகு ஏறும் எடை. அப்போது ஈஸ்ட்ரோஜனைத் தயாரிப்பது உடம்புக் கொழுப்பு. நகட், சாசேஜ், பொட்டல மீ போன்ற ஆலை உணவின் பங்கு 10 விழுக்காடு கூடும்போது மார்பகப் புற்றுநோய் 11 விழுக்காடு கூடியதாகப் பிரான்ஸ் ஆய்வு ஒன்று 2018இல் சொன்னது. கோழியை நிறுத்திவிட்டு மகளுக்கு நகட் வறுத்துக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. கிளினிக்குக்குப் போய், அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்று சொல்லி, மார்பகப் பரிசோதனையும் மாமோகிராமும் எப்போது தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குச் சந்தா கட்டும் பெண்களுக்கு 40 வயதுக்கு மேல் மாமோகிராம் சலுகை இருக்கிறது; தோட்டத்துப் பெண்கள் பலருக்கு அது தெரிவதில்லை. நம் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, தீபாவளி முடியட்டும், மகன் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டவர்கள் அவர்களில் பலர். உணவில் விஷம் தேடிய நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அம்மாவின் சாப்பாடு இப்போது அவசரம். கீமோ நடக்கும்போது உடம்புக்குப் புரதம் வேண்டும். நாளைக்கே கோழி வாங்குங்கள். நன்றாக வேகவைத்து, மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டு சூப்பாகக் கொடுங்கள். முட்டை மஞ்சள் கரு கெட்டியாகும் வரை அவிய வேண்டும். அரை வேக்காட்டு முட்டையும் பச்சைக் காய்கறி சாலட்டும் வெள்ளை அணு குறையும் இந்தக் காலத்தில் வேண்டாம். இப்போது அவரை வீழ்த்தக்கூடியது கிருமி. பாலும் கொடுக்கலாம், வயிறு ஏற்றால்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒன்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்குப் பின்னால் நீங்களே மருந்தில்லாமல் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறீர்கள், அதற்கு மழைத் தண்ணீர் பிடித்து வைப்பது அம்மா தோட்டத்தை விட்டு வந்தபோது கொண்டுவந்த நீலக் கலனில். அது எந்தக் கலன் என்று எனக்குத் தெரியும்: மருந்து வந்த கலன். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒன்று இருந்தது. அந்தப் பிளாஸ்டிக் மருந்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். இத்தனை ஆண்டு மழை அதைப் பெரும்பாலும் அலசியிருக்கும், பயந்து செடிகளைப் பிடுங்காதீர்கள். ஆனால் கலனை இன்றைக்கே கவிழ்த்துவிட்டு, வேறு யாரும் எடுத்துப் புழங்காதபடி அடியில் ஆணியால் நாலு இடத்தில் துளை போடுங்கள். அதை எரிக்க வேண்டாம். மகளைத் தொடவும் விடாதீர்கள்.